பேராயருக்கு விசா அர்ச்சனை

சென்ற மாதம் நிவேதா தொலைபேசியில் அழைத்தாள். கோயம்புத்தூர்ப் பெண். நான் ஓய்வு பெற்றுவந்த அருங்காட்சியகத்தில் இப்போது வேலை செய்கிறாள். “ஆன்ட்டி, எங்க ஹால் எல்லாத்துலயும் சென்சார் வைக்கப் போறாங்க. யாராவது கிட்டப் போனா அதுவே கத்துமாம். ஆளுங்களைக் குறைச்சுடுவாங்கன்னு பேச்சு. நீங்க இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் எழுதிக் கொடுங்களேன், மேலிடத்துல காட்டலாம்” என்றாள்.

மேலிடத்துக்குக் காட்டக்கூடிய மாதிரி எனக்கு எழுத வராது. ஆனாலும் பிள்ளை கேட்டுவிட்டாள். ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பேராயரை நான் காவல் காத்த கதையை எழுதுகிறேன். அதைப் படித்த பிறகும் சென்சார்தான் வேண்டும் என்றால் அவர்கள் பாடு.

என் வேலை காட்சிக்கூடக் காவல். நீலக் கோட்டு, கழுத்தில் அட்டை, இடுப்பில் ஒரு வோக்கி டோக்கி. இருபது வருடங்களுக்கு மேல், புலம்பெயர்ந்த எங்கள் சனம் நிறைய வாழும் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் ரயிலேறி நகரத்துக்குப் போய்வந்தேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சுவரில் சாயாதே. ஆட்களின் முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். கை உயரத் தொடங்கினால் நீ நடக்கத் தொடங்கு. தூரத்தில் நின்று ஒருபோதும் கத்தாதே. கத்தினால் ஆள் திடுக்கிடுவார், எந்தக் கையைத் தடுக்க நினைத்தாயோ அதே கை பொருளின் மேல் போய் விழும். இவ்வளவுதான். மற்றப்படி, நாள் முழுக்க உலகக் கலைச் செல்வங்களின் நடுவே நின்று, கழிப்பறை எந்தப் பக்கம் என்று சொல்வதுதான் எங்கள் பிரதான தொழில்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் மர்ரே. எங்கள் மேற்பார்வையாளர். நெட்டையான, ஒல்லியான வெள்ளைக்காரர். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட அதிபர் மாதிரி நடப்பார். அவர் வாயிலிருந்து கட்டளை என்று ஒன்று வந்து நான் கேட்டதில்லை. “சரோ, ஒரு சின்ன யோசனை” என்பார். அந்தச் சின்ன யோசனை வந்துவிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்பு.

நான் சேர்ந்த புதிதில் ஒரு முதியவர் கயிற்றைத் தாண்டிப் போய், காட்சிக்கு வைத்திருந்த ஒரு பழங்காலக் கதிரையில் அமர்ந்து தூங்கிவிட்டார். ஏதோ ஒரு கவர்னரின் கதிரை. வோக்கியில் அழைத்தேன். மர்ரே வந்தார், பார்த்தார், போனார். திரும்பி வரும்போது எங்கள் தேநீர் அறையிலிருந்து ஒரு சாதாரணக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, முதியவருக்குப் பக்கத்தில் போட்டு, தானும் அதில் உட்கார்ந்தார். “இன்று நல்ல வெயில்” என்றார் மெதுவாக. முதியவர் கண் விழித்தார். இருவரும் வெயிலைப் பற்றியும், கிரிக்கெட்டைப் பற்றியும் பேசினார்கள். பிறகு மர்ரே எழுந்து, “என்னுடையது இன்னும் வசதியானது, மாறி உட்காருங்கள்” என்றார். அவர் மாறி உட்கார்ந்தார். கவர்னர் கதிரைக்கு ஒரு கீறல் இல்லை, முதியவருக்கு ஒரு வெட்கம் இல்லை. அன்றைக்கே நான் முடிவு செய்தேன், இந்த ஆளுக்குக் கீழே வேலை செய்யலாம் என்று.

இனிப் பேராயர்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு, மத்திய கால ஐரோப்பாவைப் பற்றி ஒரு கண்காட்சி வந்தது. என் ஹாலில் நின்றவர் ரைன் நதிக்கரையில் உள்ள மைன்ஸ் நகரத்துப் பேராயர் ஒருவர். பெயரைச் சொல்ல முயன்று நாக்குச் சுளுக்கிக்கொண்டதால் நான் அவரைப் பேராயர் என்றே கூப்பிட்டு வந்தேன். அசல் கல்லறைச் சிலை அங்கே பேராலயத்தில் இருக்கிறது. எங்களுக்கு வந்தது, அதை அச்செடுத்துச் செய்த பழைய வார்ப்பு. வார்ப்பே ஆளை விட உயரம். தலையில் கூரான தொப்பி, உடம்பு நிறைய அங்கி. இரண்டு பக்கத்திலும் இரண்டு ராசாக்கள், சின்னப் பிள்ளைகள் மாதிரி. பேராயரின் இரண்டு கைகளும் அந்த ராசாக்களின் தலையில் இருந்த கிரீடங்களின் மேல். எங்கள் கோயில் சிற்பத்தில் சாமி பெரிதாகவும் பக்கத்தில் கும்பிடும் மன்னன் சிறிதாகவும் இருப்பார்களே, அதே கணக்கு. பார்த்தவுடன் யார் பெரிய ஆள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கண்காட்சியைத் தொகுத்த பெண்மணி ஒவ்வொரு நாளும் ஒரு கூட்டத்தை அழைத்துவந்து விளக்குவார். பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் பாடமாகிவிட்டது. அந்தக் காலத்து ஜெர்மனியில் ராசாவின் மகன் என்பதற்காக மட்டும் ஒருவர் ராசாவாகிவிட முடியாது. பெரிய பிரபுக்களும் பேராயர்களும் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் மைன்ஸ் பேராயரின் குரலுக்குத்தான் முதல் மரியாதை. நம்மாள், பேரரசர் இத்தாலியில் சண்டையில் இருந்தபோது, சிறுவனாயிருந்த இளவரசனுக்காக நாட்டையே நிர்வகித்தவர். பிறகு பாப்பரசருக்கும் பேரரசருக்கும் பகை முற்றியதும், பாப்பரசர் பக்கம் தாவினார். பேரரசர் உயிரோடு இருக்கும்போதே அவருக்கு எதிராக ஒரு ராசாவைத் தேர்ந்தெடுக்க வைத்தார். அந்த ராசா சீக்கிரமே இறந்துபோக, சளைக்காமல் இன்னொருவரை நிறுத்தினார். கோட்டைகளும் படையும் வேறு கைவசம். அதே நேரம் சொந்த நகரத்து மக்களைப் பகைக்காமல், அவர்களுக்குப் பெரிய உரிமைகளை எழுதிக் கொடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பூசையும் அவரே, அரசியலும் அவரே. எங்கள் கோயில் நிர்வாக சபைத் தேர்தல்களைப் பார்த்திருக்கும் எனக்கு இதில் புரியாதது எதுவும் இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, பிளாக்டவுனிலிருந்து ஒரு தேவாலயத்து முதியோர் குழு பஸ்ஸில் வந்தது. அதில் பிலோமினா அன்ரி இருந்தார். மன்னார்ப் பக்கத்து மனுஷி. எந்தக் கல்யாணத்திலும் எந்தச் செத்தவீட்டிலும் முதல் ஆளாய் நிற்பவர். நான் கழிப்பறைக்கு வழி காட்டிவிட்டுத் திரும்புவதற்குள் கயிற்றுக்கு மேலால் எட்டி, பேராயரின் கால் சப்பாத்து நுனியைத் தொட்டு, விரலை முத்தமிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

“அன்ரி, தொடப்படாது!”

“ஏன் பிள்ளை? புனிதரைத் தொட்டுத்தானே கும்பிடுறது?”

“இவர் புனிதர் இல்லை அன்ரி.”

“மேற்றிராணியாற்ற தொப்பி போட்டிருக்கிறார்?”

“மேற்றிராணியார்தான். ஆனா ஆள் அரசியல்வாதி.” எனக்குத் தெரிந்த கதையெல்லாம் சொன்னேன். தாவியதையும் விடவில்லை. சொன்னால் மரியாதை குறையும், தொடமாட்டார் என்பது என் கணக்கு.

அன்ரி கண் இமைக்காமல் கேட்டார். பேராயரை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப, இவர் சொன்னா அரசாங்கம் கேக்கும்?”

“அந்தக் காலத்தில கேட்டது அன்ரி.”

“நாங்கள் புனிதர்களிட்ட எவ்வளவு காலமாக் கேட்டுட்டம் பிள்ளை. அவையள் நல்ல சனம், ஆனா இமிகிரேசனுக்குள்ள அவையளுக்கு ஆளில்லை. ராசாவையே வைக்கிறவர் ஒரு விசா எடுத்துத் தரமாட்டாரே? இவர்தான் சரியான ஆள்.”



அடுத்த சனிக்கிழமை அன்ரி தவம் என்ற ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தவம் படகில் அகதியாக வந்தவன். பேக்கரியில் வேலை. வருடக் கணக்காக ‘ரெம்பரரி’ என்ற தற்காலிக விசாவில் இருந்தான். அப்போதுதான் அவனைப் போன்றவர்கள் ‘பெர்மனன்ற்’ என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அவனும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தான். மனைவியும் மகளும் மன்னாரில். அவன் படகேறும்போது மகள் வயிற்றில் இருந்தாள். இப்போது பெரிய வகுப்புப் படிக்கிறாள். தகப்பன் அவளைப் போனில் மட்டுமே பார்த்திருக்கிறான். இந்த விசாவில் அவன் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. அவர்களை இங்கே கூப்பிடவும் வழியில்லை.

தவம் ஒன்றையும் தொடவில்லை. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு கயிற்றுக்கு முன்னால் வந்து நின்றான். போனை எடுத்தான். எங்கள் கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துவிட்டு ஐயருக்குச் சொல்வோமே, அதே குரலில் தொடங்கினான். “தவராசா, மக நட்சத்திரம், சிம்ம ராசி, அப்ளிகேசன் நம்பர்...” என்று எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தான். பிறகு என் பக்கம் திரும்பி, “அக்கா, தேங்காய் உடைக்கேலாதோ?” என்று கேட்டான்.

“ஏலாது தம்பி.”

“விளங்குது, விளங்குது” என்று தலையாட்டினான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேய்ஸ் ஹில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே கார்களில் ஏறி எங்களிடம் வந்தார்கள். சைவம், கிறிஸ்தவம் என்ற பேதமில்லை. எல்லோரும் விசாக்காரர்கள், அல்லது விசாக்காரர்களின் மாமி, மச்சான். அருங்காட்சியகத்துக்கு அனுமதி இலவசம் என்பது இன்னும் வசதியாகப் போயிற்று. ஒரு நாள் மர்ரே முதுகில் கை கட்டியபடி வந்து நின்றார். “சரோ, வாசலில் ஏன் இத்தனை சப்பாத்துகள்?” என்று கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். வரிசையாகச் சப்பாத்துகள். அதைவிட மோசம், உள்ளே இரண்டு வெள்ளைக்காரச் சோடிகளும் வெறுங்காலோடு நின்று பயபக்தியோடு பேராயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஹாலின் சட்டம் அது என்று நினைத்துவிட்டார்கள்.

அதுவரை வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு திங்கட்கிழமை, பொருட்களைப் பராமரிக்கும் நிபுணர் பேராயரின் சப்பாத்தில் விபூதியைக் கண்டுபிடித்தார். இன்னொரு மூலையில் சந்தனம். ஆள் கொதித்துப் போனார். மர்ரே என்னைத் தனியே அழைத்தார். “ஒரு சின்ன யோசனை. இன்னொரு முறை இப்படி நடந்தால், கண்காட்சி முடியும் வரை இந்த ஹாலை மூடிவிடச் சொல்வார்கள். அப்படி நடக்காமல் இருந்தால் நல்லது.”

மூடிவிட்டால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை என்று சொல்லலாம். சிலைக்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கும் அது தெரியும். ஆனால் தவம் ஒவ்வொரு சனியும் பேக்கரி வேலை முடிந்து நேரே வந்து நின்று, எண்ணைச் சொல்லி, கொஞ்சம் நிமிர்ந்து திரும்பிப் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் போய்ச் சொல்வதற்கு அந்த ஊரில் வேறு ஒரு இடமும் இருக்கவில்லை. குடிவரவு இலாகாவுக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்லும் பாட்டுத்தான் கேட்கும்.

எங்கள் நடைமுறை இது: முதலில் ஆளுக்கும் பொருளுக்கும் இடையில் போய் நில். பிறகு மரியாதையாகச் சொல். மூன்றாவது, வோக்கி. இந்த மூன்றும் எங்கள் சனத்திடம் பலிக்கவில்லை. இடையில் நின்றால் “சுகமாயிருக்கிறியளோ?” என்று கட்டிப் பிடித்தார்கள். மரியாதையாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் தொட்டார்கள். வோக்கியில் கூப்பிட எனக்கு மனமில்லை. மர்ரே அந்த முதியவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டதை நினைத்தேன். ஆளை எழுப்பக்கூடாது, மாறி உட்கார வைக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு, கூட்டம் சேர்ந்ததும் நான் கயிற்றுக்கு முன்னால் போய் நின்றேன். “எல்லாரும் கேளுங்கோ. கோயில்ல மூலவரைத் தொடுவியளோ?”

“இல்லை.”

“கர்ப்பக்கிருகத்துக்குள்ள ஆர் போறது?”

“ஐயர்தான்.”

“இவர் மூலவர். இந்தக் கயித்துக்கு அந்தப் பக்கம் கர்ப்பக்கிருகம். பேர், நட்சத்திரம், நம்பரை என்னட்டச் சொல்லுங்கோ. நான் அவரிட்டச் சொல்லுறன்.”

பிலோமினா அன்ரிதான் முதலில் வாய் திறந்தார். “பொம்பிளை ஐயரோ! நல்லது. எங்கட சேர்ச்சுச் சாமியாரும் இதைப் பார்க்கோணும்.” எல்லோரும் சிரித்தார்கள், வரிசையாகவும் நின்றார்கள். அன்றிலிருந்து ஒரு விரல்கூடப் பேராயர் மேல் படவில்லை. நான் ஒவ்வொருவர் எண்ணையும் கேட்டு, பேராயர் பக்கம் திரும்பி, உதட்டை அசைத்துச் சொன்னேன். ஏமாற்றவில்லை, உண்மையாகவே சொன்னேன். யாராவது ஒருவர் நம்பி எண்ணைத் தந்தால் அதைப் பாதியில் விழுங்க முடியாது.

மர்ரே தூணோடு நின்று பார்த்திருக்கிறார். தேநீர் அறையில் கேட்டார், “அவரிடம் என்ன சொல்கிறீர்கள்?”

மறைக்காமல் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது.

மர்ரே தேநீரை ஊதிக்கொண்டு யோசித்தார். “அவருக்கு என்ன மொழி தெரியும்?”

“லத்தீனும் ஜெர்மனும் தெரிந்திருக்கும்.”

“அப்படியானால் ஒரு சின்ன யோசனை. எண்களை மெதுவாகச் சொல்லுங்கள்.”

அடுத்த வாரம் ஹாலில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து அவரே வந்தார். குனிந்து, காதும் காதும் வைத்த மாதிரி, தன் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு அரசாங்க ஆஸ்பத்திரி தந்திருந்த பதிவு எண்ணைச் சொன்னார். நான் பேராயரிடம் ஒப்புவித்தேன். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் இரண்டு பேரும் பிரிந்து போனோம்.

நாளாக ஆக, சிலருக்கு விசா வரத் தொடங்கியது. அவை எப்படியும் வரவேண்டியவைதான், அரசாங்கம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் புகழ் முழுவதும் பேராயருக்கே. எங்கள் தேநீர் அறை லட்டும் பால்ரொபி இனிப்பும் பற்றிஸ் பலகாரமும் நிறைந்து வழிந்தது. விபூதி கண்டுபிடித்த நிபுணர்கூட லட்டு விசயத்தில் சமாதானமாகிவிட்டார்.

தவத்துக்கு மட்டும் வரவில்லை. அவனுக்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது. பிலோமினா அன்ரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஆள் பார்த்துச் செய்யிறார். அரசியல்வாதிதானே!” என்று பேராயரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் கோபம்தான். ஹால் மூடும் நேரத்தில் விளக்கை அணைக்கும் முன், “ரெண்டு ராசாவைத் தேடிப் பிடிச்சு வைச்சனீர். ஒரு பேக்கரிக்காரனைக் கண்ணுக்குத் தெரியேல்லையோ?” என்று நானும் கேட்டேன். அவர் வழக்கம்போல நேரே பார்த்துக்கொண்டு நின்றார்.

கண்காட்சியின் கடைசி ஞாயிறும் வந்தது. தவம் வந்து நின்றான். எண்ணைச் சொல்லவில்லை.

“சொல்லுங்கோ தம்பி.”

“அவருக்கு இப்ப பாடமாயிருக்கும் அக்கா” என்றான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனான். அவன் முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பேராயரை இறக்கினார்கள். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஹாலைப் பொதுமக்களுக்கு மூடிவிடுவார்கள். முதலில் படம் எடுத்து, ஒவ்வொரு பழைய கீறலையும் சரிபார்ப்பார்கள். பிறகு கையுறை போட்ட ஆட்கள் மெதுவாகச் சாய்த்து, உடம்பின் வடிவத்துக்கு வெட்டிய பஞ்சுத் தலையணைகள் போட்ட மரப்பெட்டிக்குள் படுக்க வைப்பார்கள். இறக்கும்போது ஒருவர் மட்டுமே பேசலாம். அன்று பேசியவர் மர்ரே. என் வேலை வாசலைக் காப்பது.

பேராயர் பெட்டிக்குள் படுத்துவிட்டார். நான்கு பேர் மூடியைத் தூக்கினார்கள். அப்போது நடைபாதையில் யாரோ ஓடிவரும் சத்தம். தவம். பேக்கரி உடுப்போடு, கை முழுக்க மாவு. மூச்சு வாங்கியது. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். இலாகாவின் மின்னஞ்சல். விசா வழங்கப்பட்டது, நிரந்தரம் என்று இருந்தது. திரும்ப ஒருமுறை வாசித்தேன். இத்தனை வருட வேலையில் ஒருபோதும் கத்தாதவள், அன்று ஹால் அதிரக் கத்தினேன். நல்லவேளை, மூடி ஒருவர் காலிலும் விழவில்லை.

மர்ரே திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், தவத்தின் மாவுக் கையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “சரோ, ஒரு சின்ன யோசனை. இங்கே கொஞ்சம் புழுக்கமாக இருக்கிறது. அந்தக் கதவை அகலத் திறந்தால் என்ன?” என்றார்.

திறந்தேன். தவம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பெட்டிக்கு எட்ட நின்று கும்பிட்டான். அழுதுகொண்டே சிரித்தான். அதற்குள் அவன் போன் அடித்தது. மன்னாரிலிருந்து வீடியோ அழைப்பு. மனைவி விசும்புவது கேட்டது. அவளைத் தள்ளிக்கொண்டு மகளின் முகம் வந்தது.

“அப்பா, அந்த ராசா வைக்கிறவரைக் காட்டுங்கோ!”

தவம் போனைப் பெட்டிப் பக்கம் திருப்பினான். பேராயர் பஞ்சுக்குள் மல்லாந்து படுத்திருந்தார்.

“அவரை ஏன் பெட்டிக்குள்ள வைச்சிருக்கினம்?”

“திருப்பி ஊருக்கு அனுப்புகினம் பிள்ளை.”

“ஏன்? அவருக்கு விசா இல்லையோ?”

தவம் மாவுக் கையால் கண்ணைத் துடைத்தான். “அவருக்கு ரெம்பரரி விசாதான் குஞ்சு. முடிஞ்சுது. அப்பாவுக்குத்தான் பெர்மனன்ற்.”

மர்ரே என்னவென்று கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். முதலில் அவர்தான் சிரித்தார். அதன் பிறகு மூடியைப் பிடித்திருந்த நான்கு பேரும் சிரித்த சிரிப்பில், அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் மறுபடி தூக்க வேண்டியதாயிற்று.